உங்களுக்குத் தெரியுமா? ரத்தத்தில் மிதக்கும் முகவரிகள்

உங்கள் கண்ணில் இருக்கும் செல்லும் கல்லீரலில் இருக்கும் செல்லும் ஒரே நூலைத்தான் வைத்திருக்கின்றன. சுமார் 300 கோடி எழுத்துகள் கொண்ட டி.என்.ஏ. நூல் அது, இரண்டிலும் ஒரே பாடம். இருந்தும் ஒன்று ஒளியை உணர்கிறது, மற்றொன்று பித்தநீர் சுரக்கிறது. எந்தப் பக்கத்தை வாசிக்க வேண்டும், எதை மூடியே வைக்க வேண்டும் என்ற குறிகள் செல்லுக்குச் செல் மாறுவதால் வரும் வேறுபாடு இது.

அந்தக் குறிகளில் ஒன்றின் பெயர் மெத்தில். ஒரு கரி அணு, மூன்று ஹைட்ரஜன் அணு, அவ்வளவுதான். நம் எழுத்தில் ‘க’வின் தலையில் புள்ளி வைத்தால் ‘க்’ ஆகி ஒலி அடங்கிவிடுகிறது அல்லவா? எழுத்தின் உருவம் அப்படியே இருக்கிறது, உயிர் மட்டும் நின்றுபோகிறது. மெத்தில் செய்வதும் கிட்டத்தட்ட அதுதான். ஒரு மரபணுவின் தொடக்கத்தில் இந்தப் புள்ளிகள் அடர்ந்துவிட்டால் அந்த மரபணு பேசாது. அறிவியலில் இதற்கு மெத்திலேற்றம் என்று பெயர். இந்தப் பக்கத்தில் நான் ‘புள்ளி’ என்றே சொல்லிக்கொண்டு போகிறேன்.

★

டி.என்.ஏ.வின் நான்கு எழுத்துகளில் புள்ளி ஏறுவது சைட்டோசின் மீது. அதுவும் பெரும்பாலும் அடுத்த எழுத்து குவானினாக இருக்கும் இடங்களில். மனித டி.என்.ஏ.வில் அப்படிப்பட்ட இடங்கள் சுமார் 2.8 கோடி. அவற்றில் பெரும்பாலானவை புள்ளி வைத்தவை. ஆனால் பல மரபணுக்களின் வாசலில் இந்த இடங்கள் கூட்டமாக நெருங்கி நிற்கும். அங்கே இயல்பாகப் புள்ளி இராது. வாசல் திறந்திருக்க வேண்டுமே! புற்றுநோயின் கதை இந்த வாசலில்தான் நடக்கிறது.

★

ராணித் தேனீக்கும் வேலைக்காரத் தேனீக்கும் மரபணுவில் வித்தியாசம் கிடையாது. புழுவாக இருக்கும்போது கிடைக்கும் உணவுதான் இருவரையும் பிரிக்கிறது. 2008இல் ஆஸ்திரேலியாவின் கான்பெராவில் ஆய்வாளர்கள், புள்ளி வைக்கும் நொதி ஒன்றைத் தேனீப் புழுக்களில் அடக்கிப் பார்த்தார்கள். அவற்றில் பெரும்பாலானவை ராணிகளுக்கே உரிய, முழு வளர்ச்சி பெற்ற சூலகத்தோடு வெளிவந்தன.

★

1983இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஆண்ட்ரூ ஃபைன்பெர்க், பெர்ட் வோகல்ஸ்டீன் என்ற இருவர், புற்றுக் கட்டியின் டி.என்.ஏ.வையும் அதே நோயாளியின் நலமான திசுவின் டி.என்.ஏ.வையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டார்கள். கட்டியில் பல இடங்களில் புள்ளிகள் உதிர்ந்து போயிருந்தன. அடுத்த பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் இதற்கு நேர்மாறான செய்தியும் வந்தது. செல் கண்மண் தெரியாமல் பெருகாதபடி பிரேக் பிடிக்கும் மரபணுக்களின் வாசலில், அதாவது புள்ளியே இருக்கக் கூடாத இடத்தில், புள்ளிகள் மொய்த்திருந்தன. 1994இல் சிறுநீரகப் புற்றில் வி.எச்.எல். மரபணு, 1995இல் வேறு பல புற்றுகளில் பி16 மரபணு. எழுத்துப் பிழை ஒன்றுகூட இல்லாமல், வெறும் புள்ளிப் பிழையால் பிரேக் பழுதாகிவிடுகிறது. வைக்க வேண்டிய இடத்தில் காணோம், வைக்கக் கூடாத இடத்தில் கொட்டிக் கிடக்கிறது. புற்று செல்லின் கையெழுத்தே இப்படித்தான்.

★

1948. நியூயார்க்கில் ரோலின் ஹாட்ச்கிஸ், கன்றுக்குட்டியின் தைமஸ் சுரப்பியில் இருந்து எடுத்த டி.என்.ஏ.வில் சைட்டோசினைப் போலவே, ஆனால் சற்றே மாறுபட்ட ஒரு பொருளைக் கண்டு எழுதினார். அது மெத்தில் ஏறிய சைட்டோசின். அதே ஆண்டு பிரான்சில் பால் மாந்தல், பியேர் மெத்தே என்ற இருவர், மனித ரத்தத்தில் செல்லுக்கு வெளியே மரபுப் பொருள் மிதப்பதைக் கண்டு எழுதினார்கள். டி.என்.ஏ.வின் இரட்டைச் சுருள் வடிவம் தெரியவரவே இன்னும் ஐந்து ஆண்டுகள் இருந்தன. ஒரே ஆண்டில் முளைத்த இந்த இரண்டு செய்திகளும் ஒன்றோடொன்று சேர ஏறக்குறைய அரை நூற்றாண்டு ஆனது. இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த தற்செயல் இது.

★

நம் உடலில் நாளொன்றுக்கு சுமார் 33,000 கோடி செல்கள் பழையன கழிந்து புதியன புகுகின்றன என்பது ஒரு கணக்கு. கழியும் செல்களின் டி.என்.ஏ. துண்டு துண்டாக நறுக்கப்படுகிறது. அதில் ஒரு பகுதி ரத்தத்தில் கலந்து மிதக்கிறது. துண்டுகளின் நீளம் கன்னாபின்னா என்று இராது. பெரும்பாலும் 167 எழுத்துகளை ஒட்டியே இருக்கும். டி.என்.ஏ., நூற்கண்டில் நூல் போலப் புரத உருளைகளில் சுற்றியிருக்கிறது. வெட்டும் நொதியால் உருளைகளுக்கு இடையில்தான் கத்தி வைக்க முடியும். அதனால் ஓர் உருளைக்கு ஒரு துண்டு.

இந்தத் துண்டுகளுக்கு ஆயுள் மிகக் குறைவு. கால் மணி நேரத்தில் இருந்து இரண்டு மூன்று மணி நேரத்துக்குள் பாதி அழிந்துவிடும். அதனால்தான் ரத்தத்தில் அகப்படுவது போன மாதச் செய்தியாக இல்லாமல் அன்றைய செய்தியாக இருக்கிறது.

★

ஓலைச்சுவடி எழுதியவர்கள் மெய்யெழுத்துக்குப் புள்ளி வைப்பதில்லை. எழுத்தாணி ஓலையைத் துளைத்துவிடும் என்று காரணம் சொல்வார்கள். ஆய்வகத்தில் டி.என்.ஏ.வைப் படியெடுக்கும்போதும் இதுதான் நடக்கிறது. எழுத்துகள் அத்தனையும் படியாகிவிடும், புள்ளிகள் விடுபட்டுப் போகும். லட்சக்கணக்கில் படியெடுக்காமல் பெரும்பாலான கருவிகளால் வாசிக்க முடியாது. படியெடுத்தாலோ நாம் தேடும் புள்ளி போய்விடும்.

இந்த முடிச்சை அவிழ்த்தது சோடியம் பைசல்ஃபைட் என்ற உப்பு. புள்ளியில்லாத சைட்டோசினை அது வேறு எழுத்தாக மாற்றிவிடும். புள்ளி வைத்த சைட்டோசினைத் தொடாது. இனிப் படியெடுத்தாலும் கவலையில்லை, புள்ளியின் வித்தியாசம் எழுத்தின் வித்தியாசமாகப் பதிந்துவிட்டது. 1992இல் சிட்னியில் மரியான் ஃப்ரோமரும் உடன் பணியாற்றியவர்களும் இந்த வழியில் புள்ளிகளை எழுத்தெழுத்தாக வாசித்துக் காட்டினார்கள். பைசல்ஃபைட் முரட்டு மருந்து. கையில் இருக்கும் டி.என்.ஏ.வில் பெரும்பகுதியைச் சிதைத்துவிடும். அதனால் இப்போது அதே வேலையை மென்மையாகச் செய்யும் நொதிகளும் வந்துவிட்டன.

★

டென்னிஸ் லோ ஹாங்காங்கைச் சேர்ந்த மருத்துவர். புற்றுக் கட்டியின் டி.என்.ஏ. நோயாளியின் ரத்தத்தில் கிடைக்கிறது என்று 1996இல் வெளியான கட்டுரைகளைப் படித்தார். ஒரு சிறு கட்டியே அவ்வளவு சிந்துகிறது என்றால், வயிற்றில் வளரும் குழந்தை சிந்தாதா என்று யோசித்தார். தாயின் ரத்தத்தில் இருந்து பிளாஸ்மாவைப் பிரித்தார். எப்படிப் பக்குவப்படுத்துவது? மாணவராக இருந்தபோது நூடுல்ஸ் வேக வைத்த நினைவில், அதைக் கொதிக்க வைத்தே பார்த்தார். ஆண் குழந்தையைச் சுமந்த தாய்மாரின் பிளாஸ்மாவில் ஒய் குரோமோசோம் தென்பட்டது. கட்டுரை 1997இல் வெளியானது. கருவின் குரோமோசோம் கோளாறுகளைத் தாயின் கை ரத்தத்திலேயே பார்க்கும் சோதனைகள் 2011 முதல் சந்தைக்கு வந்தன.

இனிதான் யாரும் எதிர்பாராத திருப்பம். 2015இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு 1,25,426 கர்ப்பிணிகளின் ரத்தச் சோதனைகளை அலசியது. அவற்றில் 3,757 பேருக்கு முடிவு இயல்பாக இல்லை. குழந்தைக்குக் கோளாறு என்று அஞ்சியவர்களில் பத்துப் பேருக்குப் பிரச்சினை குழந்தையிடம் இல்லை; தாய்க்கே புற்றுநோய் இருந்தது. குழந்தையைத் தேடி எடுத்த ரத்தத்தில் தாயின் கட்டி பேசியிருக்கிறது.

அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனம் இதை விடவில்லை. எந்த வகையிலும் விளக்க முடியாத முடிவு வந்த 107 பெண்களைத் தலை முதல் கால் வரை பரிசோதித்து 2024இல் முடிவை வெளியிட்டது. 52 பேருக்குப் புற்றுநோய். இந்தச் சோதனைகள் எண்ணியது குரோமோசோமின் அளவை, புள்ளிகளை அல்ல. ஆனாலும் ரத்தத்தைக் கொண்டு, அறிகுறி எதுவும் காட்டாத புற்றைப் பிடிக்கலாம் என்ற துணிவு பலருக்குப் பிறக்க இத்தகைய முடிவுகளும் ஒரு காரணம்.

★

சரி, புற்று இருக்கிறது என்று ரத்தம் சொல்கிறது. எங்கே இருக்கிறது? குரோமோசோம் கணக்கும் மரபணுப் பிழையும் இதற்குத் தெளிவான விடை தராது; ஒரே பிழை குடலிலும் வரும், நுரையீரலிலும் வரும். புள்ளிகளுக்கு அந்தத் திண்டாட்டம் இல்லை. கல்லீரல் செல் புற்றாக மாறினாலும் அது கல்லீரல் செல் என்பதற்கான புள்ளிகள் பெருமளவு அப்படியே இருக்கும். ஊரை விட்டு ஓடினாலும் பேச்சில் ஊர் தெரிவது போல.

ஜெருசலேமின் ஹீப்ரு பல்கலைக்கழகத்தில் யுவால் டோரின் குழு, நலமான மனித செல்களின் புள்ளி வரைபடங்களைத் திரட்டியது. 2023இல் வெளியிட்ட தொகுப்பில் 39 வகைச் செல்கள் உள்ளன. அதே குழு 2018இல் இன்னொன்றையும் சொன்னது. நலமானவரின் ரத்தத்தில் மிதக்கும் துண்டுகளில் சுமார் 55 விழுக்காடு வெள்ளணுக்களுடையவை, 30 விழுக்காடு சிவப்பணுக்களின் முன்னோடிகளுடையவை, 10 விழுக்காடு ரத்தக்குழாய்ச் சுவருடையவை, 1 விழுக்காடு கல்லீரலுடையது. நுரையீரல், குடல், மார்பகம் எல்லாம் மீதியில் அடக்கம். அதனால் குடல் செல்லின் முகவரி கொண்ட துண்டு அளவுக்கு மீறித் தென்பட்டால் அதுவே ஒரு சேதி.

★

கணக்கு ஒன்று. 10 மில்லி ரத்தத்தில் 4 மில்லி பிளாஸ்மா தேறும் என்று வையுங்கள். ஒரு மில்லியில் 5 நானோகிராம் டி.என்.ஏ. என்றால் மொத்தம் 20 நானோகிராம். நம் முழு நூலின் சுமார் 6,000 படிகள். தொடக்க நிலைக் கட்டியின் பங்கு பெரும்பாலும் ஆயிரத்தில் ஒன்றுக்கும் கீழே. ஆயிரத்தில் ஒன்று என்றாலே 6 படிகள்தான். பத்தாயிரத்தில் ஒன்று என்றால் ஒரு முழுப் படி கூட இல்லை. ஒரே ஒரு மரபணுப் பிழையைத் தேடி இறங்கினால், அது அந்தக் குழாயில் ஏறாமலே போயிருக்கலாம். புள்ளிப் பிழைகளோ ஆயிரக்கணக்கான இடங்களில் பரவிக் கிடக்கின்றன. ஒன்று தப்பினாலும் மற்றொன்று சிக்கும். மெத்திலேற்றத்தை நோக்கி ஆய்வாளர்கள் திரும்பியதற்கு முதல் காரணம் இதுதான்.

★

நீங்கள் புகைபிடிப்பவரா என்பதை உங்கள் ரத்தத்தின் புள்ளிகளே சொல்லிவிடும். ஏ.எச்.ஆர்.ஆர். என்ற மரபணுவில் ஓரிடத்தில் புகைப்பவர்களுக்குப் புள்ளி தெளிவாகக் குறைகிறது. விட்டுவிட்டால் ஆண்டுகள் செல்லச் செல்ல அது பெருமளவு மீள்கிறது.

★

353 இடங்களின் புள்ளியைப் பார்த்தே ஒருவரின் வயதைச் சில ஆண்டு வித்தியாசத்தில் சொல்லும் முறையை 2013இல் ஸ்டீவ் ஹார்வத் வெளியிட்டார். வயதும் புள்ளியை மாற்றுகிறது, புற்றும் மாற்றுகிறது. முதுமையின் மாற்றத்தைப் புற்றென்று மயங்காமல் இருப்பது இந்தச் சோதனைகளை உருவாக்குபவர்களுக்கு உள்ள பெரிய வேலை.

★

ரத்தத்தில் புள்ளி பார்த்துப் பெருங்குடல் புற்றைத் தேட அமெரிக்க அரசு முதன்முதலில் 2016இல் அனுமதி தந்தது. பெர்லினில் பிறந்த அந்தச் சோதனையின் பெயர் எபி புரோகோலன். செப்டின்-9 என்ற ஒரே மரபணுவின் வாசலைப் பார்க்கும். பெரிய ஆய்வொன்றில் அது பிடித்தது புற்றுகளில் பாதிக்கும் சற்றுக் குறைவு. 2024 ஜூலையில் அனுமதி பெற்ற ஷீல்டு என்ற சோதனை, புள்ளியோடு மரபணுப் பிழையையும் துண்டுகளின் அமைப்பையும் சேர்த்துப் பார்த்து, 83 விழுக்காடு பெருங்குடல் புற்றுகளைப் பிடித்தது.

ஆனால் புற்றாக மாறக்கூடிய முதிர்ந்த திரட்டுகளில் அது பிடித்தது 13 விழுக்காடுதான். குடலுக்குள் குழாய் விட்டுப் பார்க்கும் கொலனாஸ்கோப்பியைச் செய்யும் மருத்துவர் அந்தத் திரட்டைப் பார்த்த இடத்திலேயே வெட்டி எடுத்துவிடுவார். புற்று வராமலே போகும். ரத்தச் சோதனையால் அது முடியாது. ஊசி குத்துவது எளிது என்பதற்காக இதை மறந்துவிடக் கூடாது.

★

என் பெரியம்மாவுக்குக் கணையத்தில் புற்று என்று தெரிந்தபோது அது நான்காம் நிலை. மூன்று மாதமாக முதுகுவலி, அவ்வளவுதான் அறிகுறி. கணையத்துக்கு மார்பகத்தைப் போல மாமோகிராம் கிடையாது. அதனால் ‘ஒரு குழாய் ரத்தம், ஐம்பது புற்றுகள்’ என்ற செய்தியை முதலில் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அந்தச் சோதனையின் பெயர் கலேரி. அமெரிக்காவின் கிரெய்ல் நிறுவனத்துடையது. பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட இடங்களில் புள்ளி பார்க்கிறது. கட்டணம் 949 டாலர்.

2021இல் வெளியான ஆய்வின்படி, புற்று இல்லாதவர்களில் ஆயிரத்துக்கு ஐந்து பேரையே அது தவறாகச் சந்தேகித்தது. இருக்கும் புற்றைப் பிடிக்கும் திறன் நிலையைப் பொறுத்தது: முதல் நிலையில் 16.8 விழுக்காடு, இரண்டில் 40.4, மூன்றில் 77, நான்கில் 90.1. எந்த நிலையில் பிடித்தால் உயிர் பிழைக்குமோ அந்த நிலையில்தான் இது அதிகம் தவறவிடுகிறது. உறுப்புக்கு உறுப்பும் மாறும். கணையப் புற்றில் 83.7 விழுக்காடு, மார்பகத்தில் 30.5, புராஸ்டேட்டில் 11.2. சில கட்டிகள் ரத்தத்தில் தாராளமாகச் சிந்தும், சில இறுக்கிப் பிடித்துக்கொள்ளும்.

★

இந்தக் கணக்கைத் தாளில் போட்டுப் பாருங்கள். பத்தாயிரம் பேர். அவர்களில் நூறு பேருக்குப் புற்று இருக்கிறது என்போம். எல்லா நிலைகளையும் சேர்த்துப் பாதியைப் பிடிக்கும் சோதனை 50 பேரைக் கண்டுபிடிக்கும். மீதி 9,900 பேரில் ஆயிரத்துக்கு ஐந்து வீதம் சுமார் 50 பேரைத் தவறாகச் சந்தேகிக்கும். ஆக, ‘இருக்கலாம்’ என்று அழைப்பு வந்தவர்களில் பாதிப் பேருக்குப் புற்று இல்லை.

இந்தியாவில் 2022இல் மதிப்பிடப்பட்ட புதிய புற்றுநோயாளிகள் சுமார் 14 லட்சம். மக்கள்தொகை 140 கோடி. எல்லா வயதினரையும் சேர்த்தால் ஆயிரத்துக்கு ஒருவர். வயது பார்க்காமல் பத்தாயிரம் பேரைச் சோதித்தால் இருப்பது 10, பிடிபடுவது 5, வீணாகக் கலங்குவது மறுபடியும் 50. சோதனை அதேதான், யாரிடம் செய்கிறோம் என்பது மாறியதும் விடையின் பொருளே மாறிவிட்டது. பெரும்பாலும் ஐம்பது வயது தாண்டியவர்களிடம் இவற்றைச் செய்து பார்ப்பதற்கு இதுவே காரணம்.

கலங்குவது என்று ஒரு சொல்லில் கடந்துவிடக் கூடாது. 2023இல் வெளியான பாத்ஃபைண்டர் ஆய்வில் 6,621 பேரைச் சோதித்தார்கள். 92 பேருக்குச் சந்தேகம், 35 பேருக்கு உண்மையிலேயே புற்று, 57 பேருக்கு இல்லை. அந்த 57 பேரில் நடுவில் நிற்பவர், தனக்கு ஒன்றுமில்லை என்று முடிவாகத் தெரிந்துகொள்ளக் காத்திருந்தது 162 நாள். ஐந்து மாதத்துக்கும் மேல் ஒரு குடும்பம் எப்படித் தூங்கியிருக்கும்!

★

சீனாவின் தாய்ஜோ நகரில் 2007 முதல் 2014 வரை ஒரு லட்சத்து இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட நலமானவர்களின் ரத்தம் சேகரித்துப் பாதுகாக்கப்பட்டது. பின்னாளில் அவர்களில் சிலருக்குப் புற்று வந்தபோது, பழைய குழாய்களை எடுத்துப் புள்ளிகளைப் பார்த்தார்கள். மருத்துவமனையில் கண்டறிவதற்கு நான்கு ஆண்டுகள் முன்பே சிலரது ரத்தத்தில் தடயம் இருந்தது. இது வருங்காலம் சொல்வதல்ல, அறிகுறி காட்டாமல் ஏற்கெனவே இருந்த புற்றைக் காண்பது என்று 2020இல் கட்டுரை எழுதியவர்களே சொல்லியிருக்கிறார்கள்.

★

முன்கூட்டியே கண்டால் பிழைத்துவிடலாம் என்பது எப்போதும் உண்மையாகிவிடாது. பிரிட்டனில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள் பங்கேற்ற ஆய்வில், பாதிப் பேரிடம் சூலகப் புற்றை ரத்தச் சோதனையாலும் ஸ்கேனாலும் தேடினார்கள். புற்று முன்னதாகவே பிடிபட்டது. சாவு குறையவில்லை என்று 2021இல் அறிவித்தார்கள். தென்கொரியாவில் தைராய்டை ஸ்கேன் செய்யும் வழக்கம் பரவியதும் 1993இலிருந்து 2011க்குள் தைராய்டு புற்று என்று சொல்லப்பட்டவர்கள் பதினைந்து மடங்கானார்கள். அதிலும் சாவு எண்ணிக்கை மாறவில்லை.

திண்டுக்கல் மாவட்டத்தில் 2000ஆம் ஆண்டு தொடங்கிய ஆய்வு இதற்கு மறுபக்கம். 30 முதல் 59 வயதுப் பெண்களின் கருப்பை வாயில், பயிற்சி பெற்ற செவிலியர்கள் நீர்த்த அசிட்டிக் அமிலத்தைத் தடவி, வெளுக்கும் இடத்தைக் கண்ணால் பார்த்தார்கள். வினிகரில் இருக்கும் அமிலம்தான் அது. கருப்பைவாய்ப் புற்றால் நேரும் சாவு 35 விழுக்காடு குறைந்தது; 2007இல் உலகுக்குத் தெரிந்தது. ரத்தப் புள்ளிச் சோதனைகள் எட்ட வேண்டிய அளவுகோல் இதுதான்: எத்தனை பிடித்தோம் என்பதல்ல, எத்தனை பேர் சாகாமல் இருந்தார்கள்.

★

புற்று செல்லின் டி.என்.ஏ. தங்கத்தில் வேறு விதமாக ஒட்டுகிறது. அதில் புள்ளிகள் ஆங்காங்கே திரளாகக் குவிந்திருப்பதால் நீர்க்கரைசலில் அதன் மடிப்பே மாறுகிறது. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் மேட் ட்ராவின் குழு இதைக் கண்டு, பத்து நிமிடத்தில் நிறமாற்றத்தால் விடை சொல்லும் சோதனை ஒன்றை 2018இல் காட்டியது.

★

1980இல் பீட்டர் ஜோன்ஸ், ஷெர்லி டெய்லர் இருவரும் எலிக்கரு செல்களுக்கு அசாசைட்டிடின் என்ற மருந்தைக் கொடுத்தார்கள். அது புள்ளிகளை உதிர்க்கும். சில வாரங்களில் தட்டில் இருந்த செல்களில் தசை உருவாகியிருந்தது. அதே மருந்து 2004 முதல் அமெரிக்காவில் எலும்பு மஜ்ஜைக் கோளாறு ஒன்றுக்குச் சிகிச்சையாகிறது. மரபணுவின் எழுத்துப் பிழையை அழிப்பது கடினம், புள்ளியை எடுத்துவிடலாம்.

★

2021இலும் 2022இலும் தொடங்கி, இங்கிலாந்தில் 50 முதல் 77 வயது வரையிலான சுமார் 1,40,000 பேர் நடமாடும் மருத்துவ வண்டிகளில் ஏறி ரத்தம் கொடுத்தார்கள். ஆண்டுக்கு ஒரு முறையாக மூன்று முறை. கலேரியால் முற்றிய நிலைப் புற்றுகள் குறைகின்றனவா என்பதே அந்த ஆய்வின் கேள்வி. ஒரு பாதியினரின் ரத்தம் சோதனைக்குப் போனது. மறு பாதியினருடையது சோதிக்கப்படாமல் சேமிப்புக்குப் போனது. தடயம் தென்பட்டவர்களுக்கு மட்டும் அழைப்பு போனது. அழைப்பு வராதவர்களுக்குத் தாங்கள் எந்தப் பாதியில் இருக்கிறோம் என்பது சொல்லப்படவில்லை. தெரியாமலே மூன்று ஆண்டும் வந்து கை நீட்டினார்கள்.